இடம் கொடுத்த வீடுகள்

தர்மம் செய்கிறவரின் கை மேலே இருக்கும், வாங்குகிறவரின் கை கீழே இருக்கும். இந்த மேல் கீழ் இல்லாமல் உதவ முடியுமா? அமெரிக்க யூத மாணவர் சங்கங்களின் வரலாற்றில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. கூடவே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது.

அமெரிக்கக் கல்லூரிகளில் 'ஃப்ரட்டர்னிட்டி' என்ற மாணவர் சங்கங்கள் உண்டு. கிரேக்க எழுத்துகளே அவற்றின் பெயர். உறுப்பினர்கள் ஒரே வீட்டில் தங்குவார்கள், ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். படித்து முடித்த பிறகும் வேலைக்கும் தொழிலுக்கும் ஒருவரையொருவர் தூக்கிவிடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவற்றில் பெரும்பாலானவை வெள்ளைக் கிறித்தவர்களுக்கானவை. யூத மாணவர் வகுப்பில் உட்காரலாம். அந்த வீட்டு மேசையில் உட்கார முடியாது.

எனவே யூத மாணவர்கள் தங்களுக்கென்று வீடுகளை உருவாக்கினார்கள். 1898இல் நியூயார்க்கில் தொடங்கிய ஒரு மாணவர் வட்டம் பின்னர் சீட்டா பீட்டா டௌ ஆனது. 1909இல் சிட்டி காலேஜில் எட்டுப் பேர் சிக்மா ஆல்ஃபா மியூவைத் தொடங்கினார்கள். 1913இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பதினொரு பேர் ஆல்ஃபா எப்சிலான் பையைத் தொடங்கினார்கள். ஒதுக்கல் அத்தோடு நிற்கவில்லை. 1922இல் ஹார்வர்டு தலைவர் லோவெல், யூத மாணவர் எண்ணிக்கையை 15 சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும் என்றார்.

இந்தச் சங்கங்களின் கொடைக்குப் பின்னால் 'செடாக்கா' என்ற எபிரேயச் சொல் நிற்கிறது. அதன் வேர்ச்சொல்லுக்கு நீதி என்று பொருள். கொடுப்பது கருணை அல்ல, கடமை. பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் கொடையை எட்டுப் படிகளாகப் பிரித்தார். ஒருவர் மறுபடி கையேந்தாதபடி அவரைச் சொந்தக் காலில் நிற்க வைப்பதே அதில் உயர்ந்த படி.

இந்தக் கருத்துக்கு 1930களில் சோதனை வந்தது. 1933இலேயே நாஜி அரசு பல்கலைக்கழகங்களில் யூதர்களின் புதிய சேர்க்கையை 1.5 சதவீதமாகச் சுருக்கியது. 1938 நவம்பர் வன்முறைக்குப் பிறகு கதவை முழுதாகச் சாத்தியது. அமெரிக்காவின் 1924 குடியேற்றச் சட்டம் நாடுவாரியாக உச்சவரம்பு வைத்திருந்தது. மாணவர்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது. ஆனால் கல்லூரியில் இடம் வேண்டும், பிழைக்க வழியும் வேண்டும். ஜெர்மனியிலிருந்து பணம் கொண்டுவர முடியாதவர்கள் என்ன செய்வார்கள்?

யூதச் சங்கங்கள் பலவும் தம் வீட்டுக் கதவைத் திறந்தன. கல்லூரி கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது; சங்கம் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தது. வந்தவர் அந்த வீட்டின் பயனாளியாக அல்ல, சக மாணவராகப் பந்தியில் உட்கார்ந்தார். மேல் கை, கீழ் கை இல்லாத உதவி என்று நாம் சொல்வது இதைத்தான்.

இனி எச்சரிக்கை. இப்படி வந்து சேர்ந்தவர்கள் சிலரே. 1939இல், ஜெர்மனியிலிருந்து 20,000 குழந்தைகளை வரம்புக்கு வெளியே அனுமதிக்கக் கோரிய வாக்னர்-ரோஜர்ஸ் மசோதா நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. நல்ல மனம் ஓர் அறையைத் திறக்கும். நாட்டின் கதவைச் சட்டம்தான் திறக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒதுக்கப்பட்டவர்கள் கட்டிய வீட்டுக்குள்ளும் படிநிலை இருந்தது. வசதியான ஜெர்மன் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழை யூதர்களின் பிள்ளைகளைத் தள்ளியே வைத்தார்கள். கறுப்பின மாணவர்களுக்கு இந்த வீடுகள் திறக்க இன்னும் காலம் பிடித்தது. சீட்டா பீட்டா டௌ 1954இல்தான் மத வரம்பை நீக்கியது.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா எப்சிலான் பை கிளையின் நிறச் சுவரை உடைத்தவர் மைக்கேல் ஷ்வெர்னர் என்ற யூத மாணவர். பின்னர் அவர் மிசிசிப்பிக்குப் போய்க் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக வேலை செய்தார். 1964 ஜூன் 21 அன்று ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன் ஆகியோருடன் வெள்ளை வெறியர்களால் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 24.

தோழர்களே, நன்கொடைப் பட்டியலைக் கொண்டு மட்டும் ஒரு சங்கத்தை நாம் அளக்க வேண்டாம். அதன் மேசையில் யாருக்கு இடம் இருந்தது, யாருக்கு இல்லை என்று கேட்போம். ஷ்வெர்னர் அந்தக் கேள்வியைத் தன் சொந்த வீட்டில்தான் முதலில் கேட்டார்.