கோப்புப் பாதையிலிருந்து அடைவைப் பிரித்தல் (சி மொழி)

சி நிரலில் ஒரு கோப்பின் பாதையைக் கொடுத்து, அது இருக்கும் அடைவின் பாதையை மட்டும் பெற டிர்நேம் என்ற சார்பு பயன்படுகிறது. இது சி மொழியின் ஐஎஸ்ஓ தரத்தைச் சேர்ந்ததல்ல. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தைச் சேர்ந்தது. லிப்ஜென்.எச் என்ற தலைப்புக் கோப்பில் அறிவிக்கப்படுகிறது.

கடைசிச் சாய்கோட்டைத் தேடி அங்கே சரத்தை வெட்டினால் போதும் என்று தோன்றும். ஆனால் "/அ/ஆ/" என்று சாய்கோட்டில் முடியும் பாதைக்கும் விடை "/அ" என்றே வர வேண்டும். "/அ" என்பதற்கு விடை "/". சாய்கோடே இல்லாத பெயருக்கு, நடப்பு அடைவைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளி. சொந்தமாக எழுதுவதைவிட டிர்நேமை அழைப்பது நல்லது என்பதற்கு இவையே போதிய காரணம்.

தமிழ்ப் பெயர்களுக்குத் தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை. "/கோயில்/ஸ்ரீமுஷ்ணம்/பூவராகர்.படம்" என்ற பாதையை எடுத்துக்கொள்வோம். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகள். "ஸ்ரீமுஷ்ணம்" 11 குறியீடுகள், ஆக 33 பைட்டுகள். அவற்றில் ஒன்றுகூடச் சாய்கோட்டின் மதிப்பான 47 ஆக வராது. எல்லாமே 127-க்கு மேற்பட்டவை. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் கடைசிச் சாய்கோடு 53ஆம் இடத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய 53 பைட்டுகளே அடைவு. இது தற்செயலாக அமைந்ததல்ல. 1992இல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் இம்முறையை வடிவமைத்தபோது, கோப்பு முறைமைக்குத் தீங்கு செய்யாத குறியேற்றம் என்பதே இலக்காக இருந்தது. அதற்கு முந்தைய யுடிஎஃப்-1 முறையில் பிற எழுத்துகளின் பைட்டுகளுக்கு நடுவே 47 வந்துவிடக்கூடும்.

டிர்நேமின் உண்மையான ஆபத்து நினைவகத்தில் இருக்கிறது. கொடுத்த சரத்தையே அது மாற்றலாம்: கடைசிச் சாய்கோடு இருந்த இடத்தில் பூஜ்ய பைட்டை எழுதிவிட்டால் கோப்பின் பெயர் துண்டாகிப் போகும். மேற்கோள் குறிக்குள் எழுதிய மாறிலிச் சரத்தை நேரடியாகக் கொடுத்தால் நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று நின்றுவிடலாம். எனவே ஸ்டர்டப் கொண்டு நகலெடுத்து, நகலையே கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் விடுவிக்க வேண்டியதும் அந்த நகலைத்தான். திரும்பி வந்த சுட்டியை அல்ல. அச்சுட்டி நகலுக்குள்ளும் இருக்கலாம், நூலகத்தின் நிலையான இடத்தையும் காட்டலாம்.

டிர்நேம் எழுத்துகளை மட்டுமே பார்க்கிறது, வட்டைத் தொடுவதில்லை. பாதையில் குறியீட்டு இணைப்பு இருந்தால், உண்மையான இடத்தை அறிய முதலில் ரியல்பாத் சார்பை அழைக்க வேண்டும்.