சாகுல் ஹமீது: ஓர் ஆட்பெயரின் சொல்லமைதியும் பரவலும்

முன்னுரை

கல்வெட்டும் செப்பேடும் போலவே மக்கட்பெயரும் ஒரு வரலாற்றுச் சான்றாகும். ஒரு சமூகம் எவரை வணங்கியது, எந்தக் கடலைக் கடந்தது, எம்மொழிச் சொற்களைத் தன் நாவிற்கேற்ப மாற்றிக்கொண்டது என்பனவற்றை அச்சமூகத்தின் பெயர்வழக்குகள் காட்டிநிற்கின்றன. தமிழ் இசுலாமியரிடையே பெருவழக்காக விளங்கும் 'சாகுல் ஹமீது' என்னும் ஆண்பாற் பெயர் இவ்வகையில் ஆராயத்தக்கது. இது பொதுவாக அரபுப் பெயர் என்றே கருதப்படுகிறது. ஆயினும் அரபு நாடுகளில் இப்பெயரைக் காண்பது அரிது. 'அப்துல் ஹமீது' அங்கெல்லாம் பரவலாக வழங்க, 'சாகுல் ஹமீது' தமிழகம், கேரளம், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நிலப்பகுதிகளிலேயே செறிந்து வழங்குகிறது. அரபுலகில் அரிதான ஓர் 'அரபுப் பெயர்' தமிழ்க் கடற்கரையில் மட்டும் இத்துணைச் செல்வாக்குப் பெற்றது எங்ஙனம் என்னும் வினாவிற்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லமைதி

இப்பெயர் இருமொழிக் கூட்டாகும். முதலிலுள்ள 'ஷாஹ்' அரசன் எனப் பொருள்படும் பாரசீகச் சொல். இறுதியிலுள்ள 'ஹமீத்' புகழுக்குரியவன் எனப் பொருள்படும் அரபுச் சொல். இறைவனின் 99 திருப்பெயர்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. முகம்மது, அகமது, மகுமூது ஆகிய பெயர்களும் புகழ்தல் என்னும் பொருளுடைய இதே வேரினின்றும் பிறந்தவை. இவ்விரு சொற்களுக்கும் இடையில் நிற்கும் 'உல்' என்பதில் உகரம் அரபு எழுவாய் வேற்றுமையின் ஈறு. லகர மெய் 'அல்' என்னும் சுட்டிடைச்சொல்லின் எச்சம். ஆகவே பாரசீகச் சொல்லொன்றை அரபு இலக்கணத்தால் பிணைத்து அமைந்தது இப்பெயர் எனலாம்.

'புகழுக்குரிய அரசர்' என்றே தமிழில் இதற்குப் பொருள் கூறுவர். அரபுத் தொடரமைப்பை நோக்கின் 'புகழுக்குரியோனின் அரசர்', அதாவது இறைவனுக்குரிய அரசர் என்பதே நேர்பொருளாகும். இங்கு அரசு என்பது நாடாளும் அரசன்று. சூஃபி மரபில் ஞானியரை 'ஷாஹ்' என விளித்தல் பரவலான வழக்கு. தமிழ் மரபிற்கும் இது புதிதன்று. அரசனைக் குறித்த 'கோ' என்னும் சொல்லிலிருந்து 'கோயில்' அமைந்தது; பழனியில் உறையும் முருகனும் 'ஆண்டவர்' எனப்பட்டார். 'தர்கா' என்னும் பாரசீகச் சொல்லும் அரசவை வாயிலைக் குறித்துப் பின் அடக்கத்தலத்திற்கு ஆயிற்று. நாகூரில் அடங்கிய ஞானியைத் தமிழர் 'நாகூர் ஆண்டவர்' என்றழைத்தபோது, 'ஷாஹ்' என்பதனையே அறிந்தோ அறியாமலோ தமிழில் பெயர்த்தனர் எனக் கொள்ளலாம்.

தமிழ் ஒலிமரபு

இப்பெயர் 'ஷாஹுல் ஹமீத்', 'ஷாகுல் ஹமீது', 'சாகுல் ஹமீது', 'சாகுல் அமீது' எனப் பலவாறு எழுதப்படுகிறது. இவற்றுள் இறுதி வடிவத்தைப் படிப்பறியாதார் சிதைவு எனக் கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருந்தாது. வடசொற்கள் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தை ஏற்கவேண்டும் என்பது தொல்காப்பிய எச்சவியல் வகுத்த நெறி. நன்னூல் பதவியல் இதனை எழுத்தளவில் விரிக்கிறது. மொழிமுதலில் வரும் ஹகரம் அகரமாகவும், இடையில் வரும் ஹகரம் ககரமாகவும் திரியும் என்பது பவணந்தியார் கருத்து. 'ஹரன்' அரன் ஆவதும் 'மோஹம்' மோகம் ஆவதும் இதற்கு எடுத்துக்காட்டுகள்.

இவ்விதியைச் 'சாகுல் அமீது' என்னும் வடிவத்தில் பொருத்திக் காண்போம். மொழிமுதல் ஷகரம் சகரமாயிற்று. இடையில் நின்ற ஹகரம் ககரமாயிற்று. இரண்டாம் சொல்லின் முதல் ஹகரம் கெட்டு அகரம் நின்றது. வல்லின மெய் தமிழில் மொழியிறுதியாகாது என்பதால் 'த்' என்பது குற்றியலுகரம் பெற்றுத் 'து' ஆயிற்று. நான்கு மாற்றங்களும் தமிழிலக்கண நெறிக்கு இயைந்தே நிகழ்ந்துள்ளன. வடசொற்களுக்கென வகுத்த விதி, அரபு, பாரசீகச் சொற்களுக்கும் மக்கள் நாவில் தானே செயற்பட்டுள்ளமை குறிப்பிடத்தக்கது.

தமிழ் எழுத்து இப்பெயரின் ஒரு கூற்றைக் காத்தும் உள்ளது. அரபியில் 'ஹாமித்' என்றால் புகழ்பவன். 'ஹமீத்' என்றால் புகழப்படுபவன். உயிரின் நெடில் எங்கு நிற்கிறது என்பதே பொருளை வேறுபடுத்துகிறது. உரோமன் எழுத்தில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே எழுதப்படுகின்றன. குறிலும் நெடிலும் தனித்தனி வடிவம் பெற்ற தமிழில் 'அமீது' என்று எழுதினாலும் ஈகாரம் நிலைத்துநிற்கிறது, பொருளும் பிறழ்வதில்லை.

பெயரின் தோற்றம்

நாகூர் ஞானி வடநாட்டு மாணிக்கப்பூரில் பிறந்தவர் என்பதும், குவாலியரில் வாழ்ந்த முகம்மது கௌஸ் அவர்களிடம் ஞானம் பெற்றவர் என்பதும், 16ஆம் நூற்றாண்டில் தமிழகம் வந்து நாகூரில் தங்கி மறைந்தார் என்பதும் மரபுவழிச் செய்திகள். காதிர் வலி, மீரான் சாகிபு, கஞ்சசவாய் எனப் பல பெயர்களாலும் அவர் போற்றப்படுகிறார். தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கரின் நோயை அவர் தீர்த்தார் என்றும், அதன் பொருட்டு நிலம் வழங்கப்பட்டது என்றும் நாகூர் மரபு கூறும். 1739 முதல் 1763 வரை ஆண்ட தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் எழுப்பிய பெரிய மினார் 131 அடி உயரமுடையது. சேகனாப் புலவரின் திருக்காரணப் புராணமும், நாகூர்க் குலாம் காதிறு நாவலரின் (1833–1908) கன்சுல் கறாமாத்தும் ஞானியின் வரலாற்றைத் தமிழில் நிலைநிறுத்தின. அற்புதங்களின் கருவூலம் எனப் பொருள்படும் 'கன்சுல் கறாமாத்து' என்னும் நூற்பெயரிலும் மேற்கூறிய 'உல்' இடம்பெற்றிருத்தல் நோக்கத்தக்கது.

ஞானியின் பெயரை மகவுக்கு இடும் வழக்கம் அவருக்கு முன்பே வேரூன்றியதாகும். பக்தாதில் 1166இல் மறைந்த முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானியின் பெயர் தமிழில் முகைதீன், காதர் எனப் பரவியது. கீழக்கரை வள்ளல் செய்கு அப்துல் காதிர் 'சீதக்காதி' ஆனது இம்மரபின் புகழ்பெற்ற சான்று. அதே நெறியில் நாகூர் ஞானியின் பெயரும் பிள்ளைப் பெயராயிற்று.

பரவலும் காரணங்களும்

இப்பெயர் பெருகியதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது நேர்த்திக்கடன். இலாகூரில் பிள்ளையற்ற ஒருவர் ஞானியின் அருளால் மகவு பெற்றார் என்றும், யூசுப் என்னும் அம்மகனை ஞானிக்கே வளர்ப்பு மகனாக அளித்தார் என்றும் வழங்கும் செய்தி, நாகூரை மகப்பேற்று வேண்டுதலுக்குரிய தலமாக்கியது. சமய வேறுபாடின்றிக் குழந்தைகளுக்கு அங்கு முடியிறக்குதல் இன்றும் காணப்படுவது. வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு அவர் பெயரே இடப்பட்டது. ஊர்ப்பெயரும் ஆட்பெயராயிற்று. நாகூர் மீரான், நாகூர் கனி என்னும் பெயர்களும், தெலுங்கு நாட்டில் பிறந்த திரைப்பாடகர் மனோவின் இயற்பெயரான 'நாகூர் பாபு' என்பதும் இதற்குச் சான்றாகும்.

இரண்டாவது கடல்வாணிகம். துளைபட்ட கப்பலொன்றை ஞானி கரையிலிருந்து கண்ணாடியை எறிந்து காத்தார் என்னும் கதை அவரைக் கடலோடிகளின் காவலராக்கியது. கந்தூரி விழாவில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவ இரதங்களில் கொடி கொணரப்படுகிறது. மரக்காயர் சென்ற கரைகளிலெல்லாம் நாகூரின் நினைவிடங்கள் எழுந்தன. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828–1830இல் ஒன்று கட்டப்பட்டது. அது 1974இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. பினாங்கின் சூலியா தெருப் பகுதியிலும், இலங்கையின் கல்முனைக்குடிக் கடற்கரையிலும் இத்தகையன உள்ளன. இப்பெயர் வழங்கும் நிலப்பரப்பும் இந்நினைவிடங்கள் அமைந்த கரைகளும் பெரிதும் ஒத்துள்ளன.

மூன்றாவது பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் தமிழ் வழக்கு. 'பேரன்' என்னும் சொல்லே 'பெயரன்' என்பதன் திரிபு. ஒருமுறை நேர்ந்து இட்ட பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறையாக மீண்டுவர இவ்வழக்கு உதவியது.

தமிழிலக்கியத்திலும் இப்பெயர் இடம்பெற்றுள்ளது. கீழக்கரையில் 1944இல் பிறந்த கவிஞர் இன்குலாபின் இயற்பெயர் சாகுல் அமீது. ஞானியின் பெயருக்கு மாற்றாக அவர் ஏற்ற 'இன்குலாப்' (புரட்சி) என்பதும் அரபு வேர்ச்சொல்லே. அதே ஆண்டில் தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரானின் பெயரிலும் நாகூர் ஞானியைக் குறிக்கும் 'மீரான்' உள்ளது.

கோபர்கைரனேயில் இப்பெயர்

மும்பைத் தமிழ் இசுலாமியருள் ஒரு பகுதியினர் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தாராவியின் தோல் தொழிலில் ஈடுபட்டவர்களின் வழியினர். பின்னாளில் நவி மும்பை வளர்ந்தபோது அவர்களுள் சிலர் கோபர்கைரனே போன்ற பகுதிகளில் குடியேறினர். அங்கு வாழும் கட்டுரையாளர், அண்டைவீட்டுச் சிறுவன் ஒருவனின் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தை நிரப்ப உதவ நேர்ந்தது. பாட்டனாரின் பெயரான சாகுல் ஹமீது என்பதே அவனுக்கும் இடப்பட்டிருந்தது.

மராட்டிய வழக்கில் பெயர் மூன்று கூறுடையது: தன்பெயர், தந்தை பெயர், குடும்பப்பெயர். தமிழர்க்கு முன்னெழுத்து உண்டு. குடும்பப்பெயர் பெரும்பாலும் இல்லை. வெற்றிடத்தை விரும்பாத எழுத்தர் 'சாகுல்' என்பதைத் தன்பெயராகவும் 'ஹமீது' என்பதைக் குடும்பப்பெயராகவும் பிரித்தெழுதினார். அரபு இலக்கணப்படி தனித்து நிற்கும் 'ஷாஹுல்' என்பது 'இன்னாருடைய அரசர்' எனக் குறைநிற்கும் தொடர். யாருடைய அரசர் என்பதற்கு விடையான சொல் அடுத்த கட்டத்திற்குள் போயிற்று. இனி அச்சிறுவனின் மக்கள், நாகூரோடும் பாட்டனோடும் தொடர்பற்ற 'ஹமீது' என்னும் குடும்பப்பெயரைச் சுமப்பர். தமிழரும் பேச்சில் 'சாகுல்' என்று சுருக்கியே அழைப்பர். ஆயின் அழைப்போர்க்கும் கேட்போர்க்கும் எஞ்சிய பாதி நினைவிலிருக்கும். படிவத்திற்கு அந்நினைவு இல்லை.

அச்சிறுவனின் தாய் மகனைப் பெயர்சொல்லி அழைப்பதில்லை. மாமனாரின் பெயரை மருமகள் உச்சரித்தலாகாது என்னும் வழக்கைப் பேணி, அவனை 'ராசா' என்றே அழைக்கிறார். 'ஷாஹ்' என்பதன் பொருளும் அதுவே. அகராதி காணாத மொழிபெயர்ப்பு அவ்வீட்டில் நாள்தோறும் நிகழ்கிறது.

முடிவுரை

சாகுல் ஹமீது என்னும் பெயர் பாரசீகச் சொல்லும் அரபு இலக்கணமும் தமிழ் ஒலிமரபும் ஒன்றிய கூட்டுப்படைப்பு. அரபுலகில் அரிதாக இருப்பது அதன் குறையன்று. அது தமிழ்க் கடற்கரையில் உருப்பெற்றமைக்குரிய சான்றாகும். 'சாகுல் அமீது' என்னும் வடிவம் சிதைவன்று, நன்னூல் நெறிப்பட்ட தற்பவம். தர்கா மரபை ஏற்காத சீர்திருத்த நோக்கு 1980களிலிருந்து தமிழகத்தில் வலுப்பெற்றதும், திருத்தமான அரபு வடிவங்களை நாடும் போக்கும், அலுவலகப் படிவங்களும் இத்தகைய பெயர்களின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும். எப்பெயரை இடுவது என்பது பெற்றோர் உரிமை. வழங்கிவந்த பெயர்களின் எல்லா வடிவங்களையும் ஊர்வாரியாகத் தொகுத்துப் பதிவுசெய்வது தமிழாய்வாளர் கடமை. சீதக்காதி என்னும் பெயருக்குள் செய்கு அப்துல் காதிர் இருப்பதை அறிந்த தமிழுலகம், சாகுல் என்னும் பாதிப்பெயருக்குள் நாகூர் இருப்பதையும் மறவாதிருத்தல் வேண்டும்.