மாயக் காவியமும் மானிடச் சிந்தனையும்

மந்திரவாதியும் பூதமும் உலவும் நெடுங்கதைகளைக் கல்விக்கூடத்தின் வாயிலுக்குள் விடலாகாது என்போர் எம்மிடையே பலர் உளர். அவை வாழ்க்கைப் போராட்டத்தினின்று தப்பியோடுவோரின் புகலிடம் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தை வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் இவ்வகைக் கதைக்கு அடிகோலியவர்களுள் முதன்மையானவர் வில்லியம் மொரிஸ். 1884ஆம் ஆண்டின் இறுதியில் எலியனர் மார்க்ஸ் முதலானோருடன் சோஷலிஸ்ட் லீக்கை நிறுவியவர். தெருமுனைகளில் நின்று தொழிலாளருக்குச் சோஷலிசத்தை விளக்கியவர். ஐஸ்லாந்தின் பழங்கதைகளை மொழிபெயர்த்தவரும் அவரே. 1889ஆம் ஆண்டுக்குரிய அவரது 'வுல்ஃபிங்குகளின் இல்லம்' என்னும் கதை, உரோமப் பேரரசை எதிர்த்து நின்ற ஒரு குலத்தின் கூட்டு வாழ்வைப் போற்றுகின்றது. இலாபமே இறைவனாகிவிட்ட இங்கிலாந்தில், மனிதர் வேறுவிதமாகவும் வாழ்தல் கூடும் என நினைவூட்டுதற்குப் பழங்கதை அவருக்குக் கருவியாயிற்று.

அந்நூலை 1914இல் தம் பரிசுப் பணத்தில் வாங்கிய மாணவர் ஒருவர், 1916இல் சொம் போர்க்களத்தின் அழிவைக் கண்டார். அவரே பின்னாளில் ஒக்ஸ்போர்ட் பேராசிரியரான டொல்கீன். சிறைப்பட்டவன் விடுதலையை நாடுவதும் போர்வீரன் களத்தைவிட்டு ஓடுவதும் ஒன்றாகா என 1939இல் அவர் ஆற்றிய விரிவுரை, மேற்கூறிய வாதத்திற்கு நேரான விடையாகும். 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'மோதிரங்களின் தலைவன்' கதையில் வீரன் அதிகாரத்தைத் தேடிச் செல்லவில்லை. அதனை அழிக்கவே செல்கின்றான். இறுதிக் கணத்தில் அவனும் அதன் வசப்படுகின்றான். நல்லவன் கையிலும் எல்லையற்ற அதிகாரம் நஞ்சாகும் என்னும் இவ்வுண்மை அரசியல் மெய்யியலின் மையக் கேள்வியன்றோ?

எனினும், அக்கதை மன்னன் மீண்டும் முடிசூடுவதில் நிறைவு காண்பதை நாம் மறைத்தல் தகாது. அதன் பழமைவாதத்தை 1978இல் மைக்கேல் மூர்கொக் வன்மையாகத் தாக்கினார். அதற்கு முன்னரே, 1968இல், உர்சுலா லெ குவின் தம் 'பூமிக்கடல்' கதையின் நாயகனைச் செம்பழுப்பு நிறத்தவனாகப் படைத்தார். தன் ஆணவத்தால் எழுந்த நிழலையே அவனுக்குப் பகையாக்கினார்.

ஆகவே, இவ்விலக்கியத்தை முற்போக்கு, பிற்போக்கு என ஒரே முத்திரையால் அடைத்துவிட முடியாது. மாணவர் இவற்றை எவ்வாறும் படிக்கத்தான் போகின்றனர். அரியணையில் இருப்பவன் யார், அவ்வரண்மனைக்குச் சோறிடும் உழைப்பு யாருடையது என்று வினவிப் படிக்க அவர்களைப் பழக்குதல் ஆசிரியர்தம் கடனாகும்.