கட்டி வைத்துக் கொழுத்த குதிரைகள்

பாண்டிநாட்டுக்கு வந்த அரபுக் குதிரைகளைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியதை மேல் வகுப்பொன்றில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆண்டுதோறும் மன்னன் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான். ஆண்டு முடியும்போது 100 கூட எஞ்சுவதில்லை. இலாடம் அடிப்பவர்களை வணிகர்கள் அங்கே அனுப்புவதுமில்லை, போக விடுவதுமில்லை என்பது அவரது கூற்று. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், குதிரை செத்தாத்தான் யாவாரம் நடக்கும் எண்டு நம்மட ஆக்கள் நினைச்சாங்களா?"

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

மறுபக்கச் சாட்சியமாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இருக்கிறார். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர். கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை மஃபருக்கு, அதாவது பாண்டியர் கரைக்கு, அனுப்பினார் என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார் என்றும் அவர் பதிவு செய்கிறார். கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியனே விலை கொடுத்தான். காயலில் அலுவல்களைக் கவனித்தவர் ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன்.

குதிரைகள் ஏன் கெட்டன என்பதற்கு வஸ்ஸாஃப் தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது. வந்திறங்கிய குதிரைக்கு வறுத்த வாற்கோதுமையும் நெய்யில் சமைத்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் ஊட்டினார்கள். முளையடித்து, கயிற்றால் பிணைத்து, நாற்பது நாள் கொட்டிலில் கொழுக்க வைத்தார்கள். பின்னர் எவ்விதப் பயிற்சியுமின்றி ஏறி விரட்டினார்கள். விரைவில் அவை வலுவிழந்து மந்தமாயின.

இன்றைய கால்நடை மருத்துவமும் இதற்கு இசைவாகவே பேசுகிறது. புல்லை மெதுவாகச் செரிக்கும் விலங்குக்கு மாச்சத்து மிகுந்த தீனியை அளவின்றிக் கொடுத்தால் வயிற்றுவலி வரும்; குளம்பின் உள்ளே அழற்சி ஏற்பட்டு நடக்கவே முடியாமற் போகும். உழைக்கத் தொடங்கும் குதிரையின் மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறும். தசைநாணும் எலும்பும் உறுதிப்பட மாதங்களாகும். போலோக் குதிரையை முதலில் பல வாரங்கள் நடையிலும் பெருநடையிலும் பழக்கி, அதன் பின்னரே பாய்ச்சலுக்கு விடுவது இதனால்தான்.

இந்த அறிவு அரபுலகுக்குப் புதியதல்ல. குதிரையை முதலில் நன்கு ஊட்டிப் பின் தீனியைக் குறைத்து, கொட்டிலில் துணி போர்த்தி வியர்க்க வைத்து, உடலை இறுக்கும் முறைக்கு 'தழ்மீர்' என்று பெயர். இப்படிப் பக்குவப்படுத்திய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து தனிய்யதுல் வதாஃ வரை, ஏறத்தாழ 5, 6 மைல் தூரத்துக்கு, நபி (ஸல்) அவர்கள் பந்தயம் வைத்தார்கள். பக்குவப்படுத்தாதவற்றுக்குத் தனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல்தான். இதை அறிவிக்கும் இப்னு உமர் (ரழி) அவர்களும் அதில் ஓட்டியவர்; புகாரியில் பதிவாகியிருக்கிறது. பழகாத குதிரைக்கு அதன் சக்திக்கேற்ற தூரம் என்ற நீதி அங்கே இருந்தது.

1154இல் திமிஷ்கைக் கைப்பற்றிய நூருத்தீன் ஸங்கி போலோவில் பெருவிருப்பம் கொண்டவர். பயனின்றிக் குதிரைகளை வருத்துகிறீர்களே என ஒரு நல்லடியார் கடிந்துகொண்டபோது, எதிரி அருகில் இருக்கையில் தீவனத் தொட்டியோடு கட்டிக் கிடக்கும் குதிரை அழைத்த நேரத்தில் ஓடவோ திரும்பவோ மாட்டாது என்ற பொருளில் அவர் பதிலளித்ததாக இப்னுல் அஸீர் எழுதுகிறார்.

ஆகவே குதிரைகளைக் கொன்றது கொட்டில்தான் என்று சொல்லிவிடலாமா? என் மனம் அதையே விரும்பியது. ஆனால் வஸ்ஸாஃப் வணிகர்களின் உலகத்தைச் சேர்ந்தவர். வாங்கியவனின் பிழையை விரிவாகச் சொல்வது அவருக்கு எளிது. வேற்றூர்ப் பயணியான மார்க்கோ போலோவும் பராமரிப்புக் குறையையே முதற்காரணமாகக் காட்டுகிறார். அதன் பிறகே வணிகர்களைக் குற்றஞ்சாட்டுகிறார். இருவரையும் சேர்த்து வாசித்தால் ஒன்று தெளிவாகிறது: குதிரையைப் பக்குவப்படுத்தும் கலை ஒரு கரையில் இருந்தது, குதிரைகள் மறுகரைக்குப் போயின, கலை கூடவே போகவில்லை. அதை அனுப்புவதில் விற்றவருக்கு இலாபமில்லை.

அடுத்த பாடவேளையில் அந்த மாணவனிடம் இதைத்தான் சொன்னேன். "அப்ப கொஞ்சம் நம்மட பிழையும் இரிக்கி சேர்" என்றான். "ஓம்" என்றேன்.