எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் உணவும் உடற்பயிற்சியும்

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்கு நீக்கப்படுகிறது; பசியைத் தூண்டும் கிரெலின் சுரப்பும் குறைகிறது. வயிறே சிறுத்த பின் உணவில் கட்டுப்பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, எடைக்குறைப்பு அறுவை குறித்து 1987இல் தொடங்கிய சுவீடன் ஆய்வில் விடை இருக்கிறது. அதில் மற்றொரு வகை அறுவையான கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்துகொண்டோர் முதல் ஓரிரு ஆண்டுகளில் எடையில் 32 விழுக்காடு இழந்தனர். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 விழுக்காடாகச் சுருங்கியது. அறுவை தருவது வாய்ப்பு. அதைக் காப்பது தட்டு. திண்டுக்கல்லில் அந்தத் தட்டு பெரும்பாலும் சோறுதான். சீரகச் சம்பா பிரியாணியை அடியோடு விலக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. வழக்கமான திட உணவுக்குத் திரும்பிய பின், கறியையும் முட்டையையும் முதலில் நன்றாக மென்று, சோற்றை இரண்டு வாயோடு நிறுத்தலாம். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராமே. சைவ உணவினருக்குப் பாசிப்பயறும் கொள்ளும் தயிரும் பனீரும் உண்டு, ஆனால் அளவு பார்த்து உண்ண வேண்டும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரைமணி தள்ளிக் குடிப்பது நல்லது. பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் வாழ்நாள் முழுதும் தொடர வேண்டியவை.

உடற்பயிற்சியால் கூடுதலாகக் குறையும் எடை சொற்பமே என்ற மறுப்பு உண்மைதான். ஆனால் வேகமாக எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது, எலும்பும் மெலிகிறது. அதைத் தடுக்கவே நடையும், மருத்துவர் அனுமதித்த பின் பளுப் பயிற்சியும். திண்டுக்கல்லின் சித்திரை வெயிலில் விடியற்காலை நடையே பாதுகாப்பு.