ஜெயிலுக்குப் போனவன் வீட்டு அடுப்பு

தேர்த் தகராறில் அப்பாவைப் போலீஸ் பிடித்துப் போனபோது நான் அஞ்சாவது படித்தேன். கண்டனக் கூட்டம் நடந்தது. சுவரொட்டி ஒட்டினார்கள். வக்கீல் ஒருத்தர் காசு வாங்காமல் வாதாடினார். எங்க வீட்டு அடுப்பு எரியுதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அம்மா ரெண்டு ஆட்டையும் வித்தாள். மூணாவது மாசம் பஸ்ஸுக்குக் காசில்லாமல் அப்பாவை மனு பார்க்கப் போவதும் நின்றுபோனது.

போராட்ட வரலாறு எழுதுகிறவர்கள் இந்த அடுப்பை எழுதுவதில்லை. அதை எழுதிய ஒரு வரலாறு தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது.

1956 டிசம்பரில் அந்த நிறவெறி அரசு 156 பேர் மீது தேசத்துரோக வழக்குப் போட்டது. லண்டன் புனித பால் பேராலயத்துப் பாதிரியார் ஜான் காலின்ஸ் வழக்குச் செலவுக்கும் குடும்பங்களின் சோற்றுக்கும் சேர்த்துப் பணம் திரட்டினார். 1961க்குள் அத்தனை பேரும் விடுதலையானார்கள். அந்த வேலைதான் பிறகு பல நாடுகளில் கிளைவிட்ட 'பாதுகாப்பு உதவி நிதி'யாக வளர்ந்தது. மண்டேலாவுக்கு 1964இல் ஆயுள் தண்டனை கொடுத்த ரிவோனியா வழக்குக்கும் அங்கிருந்து பணம் போனது.

1966 மார்ச்சில் அரசு அந்த நிதியைத் தடை செய்தது. இனி அங்கிருந்து காசு வாங்கினால் வாங்கின பொம்பளைக்கும் சிறை. மற்ற எவரும் கண்டன அறிக்கை விட்டு ஒதுங்கியிருப்பார்கள். இவர்கள் செய்தது வேறு.

இங்கிலாந்திலும் வேறு சில நாடுகளிலும் நூற்றுக்கணக்கான சாதாரண ஆட்களைப் பிடித்தார்கள். ஒவ்வொருவருக்கும் சில குடும்பங்களின் விலாசம். அவர் தன் சொந்தப் பெயரில், ஒரு தோழி எழுதுவதுபோலக் கடிதம் எழுதுவார். பிள்ளை பள்ளிக்கூடம் போகுதா, உடம்பு எப்படி என்று விசாரிப்பார். கூடவே பணம் வைப்பார். அந்தத் தாய் பதில் எழுதுவாள். அந்தப் பதில் இடையில் இருக்கிற ஒருவர் வழியாக லண்டனுக்குப் போகும். பணத்தின் மூலம் எது என்று எழுதுகிறவருக்கும் சொல்வதில்லை, வாங்குகிறவளுக்கும் சொல்வதில்லை. வழக்குச் செலவு தனிப் பாதையில், வக்கீல் அலுவலகங்கள் வழியாகப் போனது.

பெரும் பணம் அரசுகளிடமிருந்து, முக்கியமாகச் சுவீடனிடமிருந்து வந்தது. ஐ.நா.வும் 1965இல் இதற்கென ஒரு நிதி தொடங்கியது. அங்கே இருந்து இந்த வேலைக்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த இ.எஸ்.ரெட்டி. ஆனால் அரசு கொடுத்த காசைக் குடிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது கடிதம் எழுதின கைகள்தான்.

தென்னாப்பிரிக்கப் போலீஸ் சும்மா இருக்கவில்லை. அதன் உளவாளி கிரெய்க் வில்லியம்சன் ஜெனிவாவில் இருந்த ஒரு மாணவர் உதவி அமைப்புக்குள்ளேயே பதவியில் உட்கார்ந்திருந்தான். 1980 ஜனவரியில்தான் அம்பலமானான். இந்தக் கடிதச் சங்கிலியை மட்டும் அறுக்க முடியவில்லை. 1991இல் வேலை முடிந்து நிதியைக் கலைத்தபோதுதான் முழுக்கதையும் வெளியே வந்தது. அதுவரை போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய பத்துக் கோடி பவுண்டு.

நான் தொகையைப் பார்த்து மலைக்கவில்லை. கால் நூற்றாண்டு ஒருவரும் 'நான்தான் கொடுத்தேன்' என்று சொல்லாமல் இருந்தார்களே, அதைப் பார்த்துத்தான் மலைக்கிறேன். நம்மிடம் அஞ்சு கிலோ அரிசிக்கு ஆளுயரப் படம் போட்ட பேனர். வாங்குகிறவளைக் கையேந்த வைத்துப் போட்டோ. அங்கே அவள் பதில் கடிதம் எழுதினாள். தன் கதையைத் தானே சொன்னாள். உதவிக்கும் பிச்சைக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பதில் கடிதத்தில் இருக்கிறது.

2001இல் அதே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாதியை உலக மாநாட்டில் பேசச் சொல்லிப் போராடினோம். இந்திய அரசு தடுத்தது. இறுதிப் பிரகடனத்தில் சாதி வரவில்லை. உலகத்தின் கதவைத் தட்டியது சரிதான். உள்ளூர்ச் சேரியில் பூட்டிக் கிடக்கிற வீட்டுக் கதவை யார் தட்டுவது?

நமக்குத் தடையில்லை. ரகசியமும் வேண்டாம். பத்து ஊரில் பத்துப் பேர், ஆளுக்கு ரெண்டு குடும்பம், மாசம் ஒரு கடிதம், முடிந்த காசு. அடுத்த வழக்கில் கண்டனத் தீர்மானம் எழுதுகிற அதே கூட்டத்தில், உள்ளே இருக்கிறவர்களின் வீட்டுப் பட்டியலையும் எழுதுங்க தோழர்களே. அப்பா ஒன்பது வருசம் கழித்து விடுதலையானார். அம்மா வித்த ஆடு திரும்பவில்லை. அக்கா படிப்பும்தான்.