கூட்டுச் சர்க்கரை மாத்திரை: அட்டையின் பெயரை விட உள்ளே இருக்கும் மருந்து முக்கியம்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், கூடுவாஞ்சேரி என்று நம் பகுதியில் சர்க்கரை மாத்திரை இல்லாத வீட்டைக் காண்பது அரிதாகி வருகிறது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்கிறது. இவர்களில் பலருக்கு ஒரு மருந்து போதுவதில்லை. அதனால் இரண்டு, மூன்று மருந்துகளை ஒன்றாகச் சேர்த்த கூட்டு மாத்திரையை மருத்துவர் எழுதித் தருகிறார். எண்ணிக்கை குறைவதால் மறக்காமல் சாப்பிட முடிகிறது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் சாப்பிடுவதில்தான் ஆபத்து.

ஒரே மருந்து இரண்டு முறை

அத்தாவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் தனியார் கிளினிக் ஒன்றுக்குப் போனவர், பழைய மாத்திரையைப் பற்றிச் சொல்லவில்லை. அங்கே கூட்டு மாத்திரை எழுதித் தருகிறார்கள். பெயரும் நிறமும் வேறாக இருப்பதால் இரண்டையும் சாப்பிடுகிறார். இரண்டிலும் கிளிமிபிரைடு இருந்தால் மருந்தின் அளவு இரட்டிப்பாகி, சர்க்கரை திடீரென இறங்கிவிடும்.

ஒரே மருந்து பல நிறுவனங்களின் பெயரில் விற்கப்படுகிறது. எனவே அட்டையில் பெரிய எழுத்தில் உள்ள பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களையும் மில்லிகிராம் அளவையும் படிக்க வேண்டும். பெயரோடு வரும் 1, 2 என்ற எண்கள் பெரும்பாலும் கிளிமிபிரைடின் அளவைக் குறிக்கும். கடையில் ‘1’ இல்லை என்று ‘2’ கொடுத்தால் வாங்காதீர்கள்.

எந்த மருந்தில் எதைக் கவனிப்பது?

மெட்ஃபார்மின்: தனியாகச் சாப்பிட்டால் தாழ்சர்க்கரை வருவது அரிது. வயிற்றுக் கோளாறைக் குறைக்க உணவோடு சாப்பிட வேண்டும். சிறுநீரகம் பலவீனமானால் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரும். ஆண்டுக்கு ஒரு முறையாவது கிரியேட்டினின் பரிசோதனை தேவை. பல ஆண்டுகள் சாப்பிடுவோருக்கு வைட்டமின் பி12 குறையலாம். எஸ்.ஆர். என்று போட்ட மாத்திரையை உடைத்தோ பொடித்தோ சாப்பிடக் கூடாது.

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு: தாழ்சர்க்கரையை வரவழைப்பவை இவையே. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. முதியவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்: சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. நீர்ச்சத்துக் குறைவும் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் வரலாம். அறுவை சிகிச்சை இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வழக்கமாக மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

பியோகிளிடசோன்: உடலில் நீர் கோத்துக் கால் வீங்கலாம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல.

கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்து சாப்பிட முடியாத நாட்களில் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டிருக்காமல், அன்றே மருத்துவரிடம் கேளுங்கள்.

சர்க்கரை இறங்கினால்

வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி, தடுமாற்றமான பேச்சு ஆகியவை அறிகுறிகள். அளவு 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் பொடியை நீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு வீட்டுச் சர்க்கரையோ மிட்டாயோ உடனே பலன் தராது. அந்த மருந்து அவற்றின் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். கிளிமிபிரைடு போன்ற மருந்தால் இறங்கிய சர்க்கரை, ஏறிய பிறகும் மீண்டும் இறங்கலாம். தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே விட்டுவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நோன்புக் காலத்தில்

ரமளானுக்கு ஆறு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். காலை மாத்திரையை அப்படியே ஸஹருக்கு மாற்றிக்கொள்வது தவறு. கிளிமிபிரைடு உள்ள மாத்திரையைப் பெரும்பாலும் இஃப்தார் நேரத்துக்கு மாற்றி, அளவையும் குறைப்பார்கள். கூட்டு மாத்திரையில் ஒரு மருந்தை மட்டும் குறைக்க முடியாது. தேவைப்பட்டால் தனித்தனி மாத்திரையாக எழுதித் தரக் கேட்கலாம். நோன்பின்போது சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ நோன்பை முடித்துவிட வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையைப் பயன்படுத்துவதில் தயக்கம் வேண்டாம்.

இன்றே செய்ய வேண்டியது

வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசையில் பரப்பி, அவற்றில் உள்ள மருந்துப் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டைகளில் வந்தால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். அந்தத் தாளைப் படமெடுத்துப் பிள்ளைகளின் கைபேசியிலும் வைத்துக்கொண்டால், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் உதவும்.